வெயிலில் மக்கர் செய்யும் பழைய அம்பாசடர், பத்மினி கார்களுக்கு

ஓட்டி வந்து டீ குடிக்க நிறுத்துகிறீர்கள். பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. பேட்டரியைத் திட்டாதீர்கள். இன்ஜின் நின்றதும் ஃபேனும் நின்றுவிடும், பானெட்டுக்குள் சூடு இன்னும் ஏறும். கார்புரேட்டரில் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) உள்ள பெட்ரோல் கொதித்து, அளவுக்கு மீறி இன்ஜினுக்குள் வழிந்துவிடும்.

அப்போது, கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை இழுக்கவே கூடாது. ஆக்சிலேட்டரைத் திரும்பத் திரும்ப மிதிக்காமல், முழுசாக அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். கிளம்பிவிடும்.

ஓடும்போதே திணறி நின்றால் கதை வேறு: குழாயிலோ பம்பிலோ பெட்ரோல் ஆவியாகி அடைத்திருக்கும். பானெட்டைத் திறந்து, ‘ஏ.சி. பம்ப்’ எனப்படும் அந்த பெட்ரோல் பம்ப் மேல் ஈரத் துணியைப் போடுங்கள். (பெயரில்தான் ஏ.சி., குளிர்சாதனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) சூடான எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் குழாய்) மேல் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், விரிசல் விடும்.

நிரந்தரத் தீர்வு என்றால், பெட்ரோல் குழாயை எக்ஸாஸ்டிலிருந்து தள்ளிக் கொண்டுபோய் வெப்பம் தாங்கும் உறை போடுவது. கார்புரேட்டருக்கு அடியில் சூட்டைத் தடுக்க இருக்கும் பேக்லைட் தட்டை யாராவது கழற்றி எறிந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அப்புறம், எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸை அரிக்கும். கசிவு தெரிந்தால் வண்டியை எடுக்காமல் முதலில் ஹோஸை மாற்றுங்கள்.