இலகு ரயிலா, சுரங்க ரயிலா: வாதாடுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனிக்கிழமைகளில் திருகோணமலையில் நகரத் திட்டமிடல் படிக்கும் ஏழெட்டுப் பிள்ளைகளோடு இருந்து கணக்குப் பார்ப்பேன். போன மாதம் கனடாவின் ரொறன்ரோ நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவின் வரைபடத்தைக் கொடுத்து, அங்கே இலகு ரயிலா (ட்ராம் போன்ற சிறிய மின்சார ரயில்) சுரங்க ரயிலா நல்லது என்று கணக்குப் போடச் சொன்னேன். ஆளுக்கொரு மாமாவோ பெரியம்மாவோ அங்கே இருப்பதால் உற்சாகமாக இறங்குவார்கள் என்று நினைத்தேன். இறங்கினார்கள். கூடவே இருபத்தைந்து வயதில் நான் விட்ட பிழைகளையும் வரிசை மாறாமல் விட்டார்கள். கூட்டல் பிழைகளைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அவை தானாகத் திருந்திவிடும்.

பெயரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது

"இலகு ரயில் தெருவில் ஓடும், மலிவு. சுரங்க ரயில் நிலத்துக்குள் ஓடும், விலை." முதல் வரியே இப்படி. ரொறன்ரோவின் எக்ளின்டன் பாதை இலகு ரயில்தான். 19 கிலோமீட்டரில் பாதிக்கு மேல் சுரங்கத்தில் போகிறது. 2011 இல் தொடங்கிய வேலை 2020 இல் முடியவேண்டியது, அதையும் தாண்டி இழுபட்டது. கொழும்பில் மாலபேயிலிருந்து கோட்டைக்குத் திட்டமிட்ட இலகு ரயில் தூண்களின் மேல் போகவிருந்தது. சென்னை மெட்ரோவில் 2015 இல் முதலில் திறந்த கோயம்பேடு - ஆலந்தூர் பகுதியும் தூண்களின் மேல்தான். தடம் எங்கே போகிறது என்று கேட்டுவிட்டு விலையைப் பேசுங்கள். தோண்டிக் கட்டும் ஒவ்வொரு நிலையமும் பணத்தை விழுங்கும்.

ரயிலுக்குள் மட்டும் கடிகாரம் பார்ப்பது

இதைக் கண்டால் எனக்கு இன்னும் கோபம் வரும், ஏனென்றால் இதைச் செய்து சனத்தை நடக்கவிட்டவன் நான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், நிலாவெளிப் பக்கம் போகும் ஒரு பஸ்ஸின் ஓட்ட நேரத்தைக் குறைக்க வழி கேட்டார்கள். கைக்கடிகாரத்தோடு நாலு நாள் ஏறி இறங்கினேன். தரிப்பிடங்களில் பாதியை எடுத்துவிட்டால் பத்து நிமிடம் மிச்சம் என்று எழுதிக் கொடுத்தேன். பாராட்டு வேறு கிடைத்தது. சில கிழமை அப்படியே ஓட்டிப் பார்த்தார்கள். உப்புவெளியில் மரக்கறிப் பையோடு வந்த ஒரு அம்மா என்னிடம் சொன்னார்: "பஸ் கெதியாத்தான் போகுது தம்பி. நான்தான் பிந்திப் போறன்." பழைய தரிப்பிடம் அவருடைய படலையடியில் இருந்தது. புதியதற்கு இருபது நிமிட நடை. என் அட்டவணையில் அந்த இருபது நிமிடத்துக்குக் கட்டமே இல்லை.

திருகோணமலைக்கு அருகே 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்குமுன் படகுப்பாதையில் போய்வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தண்ணீரைக் கடக்க எவ்வளவு நேரமானது என்று சொல்லமாட்டார்கள்; கரையில் நின்ற கதையைத்தான் சொல்வார்கள். போக்குவரத்துக் கணக்கிலும் நடக்கிற, காத்திருக்கிற ஒரு நிமிடத்தை ரயிலுக்குள் இருக்கிற ஏறக்குறைய இரண்டு நிமிடமாக வைப்பது வழக்கம்.

சரி, ஸ்காபரோவுக்கு வருவோம். அங்கே பழைய ரயில் ஒன்றுக்குப் பதிலாக மோதியவை ஏழு நிலைய இலகு ரயிலும் மூன்று நிலையச் சுரங்க நீட்டிப்பும். கணக்குக்காக, சுரங்க ரயில் மணிக்கு 40 கிலோமீட்டர், இலகு ரயில் 25 கிலோமீட்டர் என்று வைப்போம். 8 கிலோமீட்டரை 40 கிலோமீட்டர் வேகத்தில் 12 நிமிடத்தில் கடக்கலாம். 25 கிலோமீட்டர் வேகத்தில் 19 நிமிடம். மிச்சம் 7 நிமிடம். நிலையங்கள் தள்ளித் தள்ளி இருப்பதால் ஒருவர் 600 மீட்டர் கூடுதலாக நடந்தால் அந்த 7 நிமிடமும் போய்விட்டது. பாதித் தூரத்தில் இறங்குபவருக்கு மிச்சமே மூன்றரை நிமிடம்தான். பஸ்ஸில் வந்து ரயில் ஏறுபவருக்கு இந்தக் கணக்கு மாறும். அவரை பஸ் எந்த நிலையத்தில் இறக்குகிறது என்று பார்க்க வேண்டும்.

சுரங்கத்தைக் கேட்டவர்களிடமும் நியாயம் இருந்தது. சுரங்கம் நீண்டால், இருக்கிற சுரங்க ரயில் முடிகிற கென்னடி நிலையத்தில் இறங்கி வேறு ரயில் பிடிக்கும் அலைச்சல் ஒழியும். அதுவும் கட்டம் போட்டு எழுத வேண்டிய நிமிடம்தானே? எங்கள் பிள்ளைகளில் சுரங்கக் கட்சி ரயில் மாறுகிற நேரத்தை எழுதி நடையை மறந்தது. இலகு ரயில் கட்சி நடையை எழுதி மாறுவதை மறந்தது. இரண்டு தாளையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நெரிசல் மணியைப் பெருக்குவது

ரயில் நாளுக்குப் பதினெட்டு மணித்தியாலம் ஓடுகிறது என்று காலை ஏழரை மணிச் சனத்தைப் பதினெட்டால் பெருக்காதீர்கள்.

டொலர் விலையை ரூபாயாக்கி ஒப்பிடுவது

மண் வேறு, கூலி வேறு, வட்டி வேறு.

யோசிக்கும் வருடங்களை இலவசம் என்று நினைப்பது

ஸ்காபரோவின் பழைய ரயில் 1985 இல் ஓடத் தொடங்கியது. 2013 இல் நகரசபை இலகு ரயிலை விட்டுச் சுரங்கம் என்றது. 2016 இல் அது ஒரே நிலையமாகச் சுருங்கியது. 2019 இல் மாகாண அரசு மறுபடி மூன்று என்றது. 2023 ஜூலையில் பழைய ரயில் தடம்புரண்டது, பிறகு ஓடவேயில்லை. சனம் பஸ்ஸுக்கு வந்துவிட்டது. கொழும்பில் 2019 இல் யப்பானியக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டு, 2020 செப்டெம்பரில் திட்டத்தையே கைவிட்டார்கள். இரண்டு இடத்திலும் வாதம் மட்டும் நன்றாக நடந்தது.

பயணியைக் கேட்காமல் எழுதுவது

திருத்திய தாளில் நடைக்கும் காத்திருப்புக்கும் கட்டங்கள் வந்திருந்தன. நிமிடங்களை ஊகித்து நிரப்பியிருந்தார்கள். "பெரியம்மாவையே கேளுங்களேன்" என்றேன். ஒரு பிள்ளை அங்கேயே ஸ்காபரோவுக்கு அழைத்து, வீட்டிலிருந்து தரிப்பிடத்துக்கு எத்தனை நிமிட நடை என்று கேட்டாள்.

"பனிக்காலமோ வெயில்காலமோ, முதல் அதைச் சொல்லு" என்றார் பெரியம்மா.