ஓட்டு வீட்டுக்கு எல்.இ.டி. பல்பு வாங்கும் முன்

செங்கோட்டையில் ஆனி, ஆடிச் சாரல் பிடித்துக்கொண்டால் மத்தியானமே வீட்டுக்குள் லைட் போட வேண்டியிருக்கும். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். பழைய வீடுகளும் மலையாளத்துப் பக்கம் போலவே தாழ்ந்த ஓட்டுக் கூரையும் சின்ன சன்னலுமாக இருக்கும்.

அதனால் முதல் வேலை கடைக்குப் போவதல்ல, கூரையைப் பார்ப்பது. அடுக்களைக்கு மேலே இரண்டு கண்ணாடி ஓடு மாற்றினோம். புகை படிந்த சுவருக்கு வெள்ளையும் அடித்தோம். இப்போது சாரல் நாளிலும் காய் நறுக்க லைட் வேண்டியதில்லை. மழைக்கு முன் அந்த ஓட்டில் படிந்த பாசியை மட்டும் தேய்த்துவிடுங்கள்.

அடுத்து, எந்த விளக்கு அதிக நேரம் எரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 60 வாட் குண்டு பல்பு தினமும் 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 18 யூனிட். 9 வாட் எல்.இ.டி. என்றால் 2.7 யூனிட்தான். பட்டாசலில், அதாவது கூடத்தில், எரிவதை முதலில் மாற்றுங்கள். எப்போதாவது போடும் மச்சு விளக்குக்கு அவசரமில்லை.

சரி, இப்போது கடை. எல்லோரும் "எத்தனை வாட்?" என்றுதான் கேட்கிறோம். வாட் என்பது பல்பு தின்னும் கரண்ட். தரும் வெளிச்சம் லூமன். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். ஒரே 9 வாட்டில் ஒன்று 720 லூமன், இன்னொன்று 900 லூமன் என்றிருந்தால் இரண்டாவதை எடுங்கள். லூமனை வாட்டால் வகுத்து 100-க்குக் குறையாமல் வந்தால் நல்ல பல்பு. நட்சத்திர முத்திரையும் இதை வைத்துத்தான்.

வெளிச்சத்தின் நிறம் பெட்டியில் கெல்வின் என்ற அளவில் இருக்கும். 3000 மஞ்சள், படுக்கும் அறைக்கு இதமானது. 6500 பளீர் வெள்ளை. அடுக்களைக்கு நான் 4000 வைத்திருக்கிறேன். பொருள்களின் நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு சி.ஆர்.ஐ. அது 80-க்கு மேல் இருந்தால்தான் கீரையில் பழுத்த இலை கண்ணுக்குத் தெரியும்.

கடையிலேயே எரியவிட்டு, செல்போன் கேமராவில் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் பலமாக ஓடினால் அந்தப் பல்பு மினுக்குகிறது. பிள்ளைகள் படிக்கிற இடத்துக்கு வேண்டாம்.

அப்புறம், மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் சாதாரண எல்.இ.டி.யைப் போடாதீர்கள். சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளிருக்கும் டிரைவர், அதாவது பல்புக்கு ஏற்றபடி கரண்டை மாற்றித் தரும் சர்க்யூட், போய்விடும். எங்கள் திண்ணை விளக்கு எட்டே மாதத்தில் அப்படித்தான் போனது. சாரல் தெறிக்கும் இடத்துக்கு தூசியும் தெறிக்கும் தண்ணீரும் உள்ளே புகாது என்பதற்கான ஐ.பி.65 குறியீடு போட்டிருக்கும் விளக்கு வாங்குங்கள். மாட்டும் முன் பல்பின் அடியில் வாங்கிய தேதியை மார்க்கரால் எழுதி, பில்லை பெட்டியோடு வைத்துவிடுங்கள். கேரண்டிக்கு அது வேண்டும்.