பிள்ளையின் அலுமாரியில் பூஞ்சணம்: தீர்ந்த விதம்

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஜூன் மழை பிடித்ததும் பிள்ளையின் உடுப்பெல்லாம் பூஞ்சண வாடை. அலுமாரியைத் துடைத்தால் நான்காம் நாள் திரும்ப வந்தது. மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றினேன், இன்னும் மோசம். தொட்டால் காய்ந்தது போலிருக்கும் உடுப்பிலும் இடுப்புப் பட்டியிலும் பைத் தையலிலும் ஈரம் நிற்கும்; மூடினால் அது போக வழியில்லை. கரித்துண்டு வைத்ததில் வாடை குறைந்தது, கறுப்புப் புள்ளி குறையவில்லை.

புள்ளி கீழ்த்தட்டின் பின்பக்கத்தில் மட்டும் இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். அலுமாரி ஒட்டி நின்றது மண்மேட்டுப் பக்க வெளிச்சுவரில். இரவில் அந்தச் சுவர் குளிர, அறைக்காற்றின் ஈரம் அதில் நீராகப் படியும்.

உட்சுவருக்கு மாற்றி, பின்னால் 3 அங்குலம் விட்டு, அடியில் 2 அங்குல மரச்சட்டம் கொடுத்தேன். செங்கல் வேண்டாம், ஆடும். பிள்ளை தட்டில் ஏறினால் சாயும் என்பதால் மேல்பக்கத்தை இரும்புக் கோணத்தால் சுவரோடு முடுக்குவது கட்டாயம். பிறகு புள்ளி வரவில்லை, அப்பாடா!

விளையாட்டுச் சாமான் இப்போது மூடியில்லாத கூடைகளில், பிள்ளையின் இடுப்பு உயரத்தில். திறக்க மூடி இல்லாததால் பிள்ளையே திருப்பிப் போடுகிறது. பஞ்சு பொம்மைகள் மட்டும் மேல்தட்டில்.