ஒற்றைச் செல்லோவைக் கேட்பது எப்படி?

செல்லோ என்பது வில்லால் வாசிக்கும், வயலினைவிடப் பெரிய, தாழ்ந்த ஒலியுள்ள தந்தி வாத்தியம். வில்ஹெல்மினா ஸ்மித் என்ற அமெரிக்க செல்லோக் கலைஞரின் முதல் தனி ஆல்பத்தை 2019-இல் ஓண்டீன் என்ற இசைப்பதிவு நிறுவனம் வெளியிட்டது. காயா சாரியாஹோ, எஸா-பெக்கா சலோனென் என்ற இரண்டு ஃபின்லாந்து இசையமைப்பாளர்கள் ஒற்றைச் செல்லோவுக்கு எழுதியவை அதில் இருக்கின்றன. நான் முதலில் பஸ்ஸில் போகும்போது, கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்டேன். காகிதத்தைத் தேய்ப்பதுபோல ஒரு கரகரப்புதான் காதில் விழுந்தது. இரண்டே நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். ஒரு நல்ல ஆல்பத்தை அப்படி விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

செல்லோவின் மிகத் தடித்த தந்தியின் சுருதி சுமார் 65 ஹெர்ட்ஸ், மிகத் தாழ்ந்த ஒலி. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியால் அதைச் சரியாக எழுப்பவே முடியாது. ஆகவே காதை மூடும் நல்ல ஹெட்ஃபோன் வேண்டும். மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள்; இந்த இசையில் பாதி, விசிறிச் சத்தத்தைவிட மெல்லியது.

ஆல்பத்தை முதலிலிருந்து வரிசையாகக் கேட்க வேண்டியதில்லை. சாரியாஹோவின் ‘ஏழு வண்ணத்துப்பூச்சிகள்’ என்ற படைப்பிலிருந்து தொடங்குங்கள். ஏழு சிறு துண்டுகள், எல்லாம் சேர்ந்தே ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடம்தான். 2000-ஆம் ஆண்டு சால்ஸ்பர்க்கில் தம் முதல் ஓப்பராவின் (பாடியே நடிக்கும் இசை நாடகத்தின்) ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது அவர் இதை எழுதத் தொடங்கினார். காதலும் ஏக்கமும் மரணமுமாக அத்தனை பெரிய கதையோடு வாழ்ந்தவருக்கு, கணத்தில் பறந்துபோகும் ஒன்று தேவைப்பட்டிருக்கிறது.

பல்லவி எப்போது வரும் என்று காத்திருக்காதீர்கள். வில் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். இதுதான் சாவி. வில் குதிரைக்கு, அதாவது தந்திகளைத் தாங்கும் மரத்துண்டுக்கு, பக்கத்தில் போனால் ஒலி தகரத்தைச் சீவியதுபோலக் கூர்மையாகும். விரல்பலகைப் பக்கம் நகர்ந்தால் புல்லாங்குழல்போல மென்மையாகும். வில்லை அழுத்த அழுத்தச் சுருதி உடைந்து இரைச்சலாகும். அழுத்தத்தைக் குறைத்தால் சுருதி மெல்லத் திரும்பி வரும். ஸ்வரம் அதேதான், நிறம் மட்டும் மாறுகிறது. நாதத்திலிருந்து இரைச்சலுக்குப் போவதும் மீண்டு வருவதும்தான் சாரியாஹோவின் இசையை இறுக்குவதும் தளர்த்துவதும். பஸ்ஸில் நான் கரகரப்பு என்று ஒதுக்கியது இந்தப் பயணத்தில் பாதியை.

வீட்டில் வீணையோ வயலினோ கிடாரோ இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். ஒரு தந்தியின் சரிபாதியில், அழுத்தாமல், விரல் நுனியை ஒற்றி வைத்து மீட்டுங்கள். மேல் ஸ்தாயி ஸட்ஜம் கண்ணாடிபோல ஒலிக்கும். மூன்றில் ஒரு பங்கில் ஒற்றினால் மேல் ஸ்தாயிப் பஞ்சமம். இப்போது அதே இடத்தில் விரலைக் கொஞ்சம் அழுத்துங்கள். கண்ணாடி மறைந்து சாதாரண ஸ்வரம் வந்துவிடும். ஒற்றுவதும் அழுத்துவதுமாக மாறிமாறி வேகமாகச் செய்தால் எழும் படபடப்பை ‘வண்ணத்துப்பூச்சி’களில் அடிக்கடி கேட்கலாம். எனக்கு இது பிடிபட ஒரு மாலை முழுவதும் ஆனது. அதன்பின் எந்தச் சிறகடிப்பையும் தவறவிட்டதில்லை.

இரண்டாம் முறை கேட்பதற்கு முன், யாராவது ஒரு கலைஞர் இதை வாசிக்கும் காணொளியைப் பாருங்கள். விரல்களை விட்டுவிட்டு, வில் பிடித்த கையை மட்டும் பாருங்கள்.

சலோனெனுக்கு இவ்வளவு முன்னேற்பாடு வேண்டாம். ‘தட்டு, மூச்சுவிடு, ஒளிர்’ என்ற அவரது படைப்பின் பெயர் ஆங்கிலக் கவிஞர் ஜான் டன் எழுதிய கவிதை வரியிலிருந்து வந்தது. முதல் பகுதியில் வில்லுக்கு வேலை மிகக் குறைவு. விரல்கள் தந்தியைச் சுண்டுகின்றன. தாளத்தில் ஊறிய காதுக்கு இது உடனே பிடித்துவிடும்.

சாரியாஹோவும் சலோனெனும் ஹெல்சிங்கியில் ஒன்றாகப் படித்தவர்கள். 1977-இல் நண்பர்களோடு சேர்ந்து அவர்கள் தொடங்கிய சங்கத்தின் பெயர் ‘காதுகளைத் திறங்கள்’. சாரியாஹோ 2023 ஜூனில் பாரிஸில் காலமானார். அன்றிரவு நான் ‘வண்ணத்துப்பூச்சி’களைத்தான் கேட்டேன்.

சாரியாஹோவின் ‘பூவிதழ்கள்’ என்ற 1988-ஆம் ஆண்டுப் படைப்பைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் வில்லின் அழுத்தம் கூடிக்கொண்டே போகும் இடங்களில் ஒலி அளவைக் குறைக்கக் கை போகும். குறைக்காதீர்கள். அடுத்து வரும் மெல்லிய ஒலி, அதே அளவில்தான் கேட்கும்.