ஆஸ்திரேலிய வரலாறு: தேதிகளை நம்பிச் சறுக்கும் இடங்கள்

ஜனவரி 26 ஆஸ்திரேலியாவின் சுதந்திர தினம் என்று எழுதுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். நம் குடியரசு தினமும் அதே தேதியில் வருவதால் உண்டான மயக்கம் அது. 1788-இல் அந்த நாளில் நடந்தது விடுதலைக்கு நேரெதிரான காரியம். ஆர்தர் பிலிப் தலைமையில் 11 கப்பல்களில் வந்தவர்கள், இன்றைய சிட்னியில் பிரிட்டிஷ் கொடியை ஏற்றிக் கைதிகளுக்கான காலனியைத் தொடங்கினார்கள். அதன் 150-ஆவது ஆண்டு விழா 1938-இல் தடபுடலாக நடந்தபோது, அதே சிட்னியில் பூர்வகுடித் தலைவர்கள் கூடி அதைத் துக்க நாளாக அனுசரித்தார்கள்.

சரி, உண்மையான சுதந்திர தினம் எது? அப்படியொரு நாளைத் தேடுவதே அடுத்த தவறு. 1947 ஆகஸ்ட் 15-ஐ வைத்துப் பழகிய நமக்கு, ஒரு நாடு தவணை முறையில் தன்னாட்சி பெற்றது என்பது எளிதில் பிடிபடுவதில்லை. 1901 ஜனவரி 1-இல் ஆறு காலனிகள் இணைந்து கூட்டரசு ஆயின. ஆனால் அதன் அரசமைப்பு, பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1900-இல் இயற்றிய சட்டத்தின் ஒரு பகுதி. 1931-இல் பிரிட்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் முழுச் சட்டமியற்றும் உரிமையைக் கொடுக்க முன்வந்தபோதும், ஆஸ்திரேலியா அதை ஏற்க 1942 ஆனது. அதற்குள் சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்திருந்தது. ஆஸ்திரேலியக் குடியுரிமை என்ற ஒன்று வந்ததே 1949-இல். மாநில நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து, பிரிட்டனின் மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போகும் வழி 1986-இல்தான் அடைபட்டது. 1999-இல் குடியரசாகலாமா என்று மக்களிடம் கேட்டபோது வேண்டாம் என்றார்கள். இன்றும் அரசர் சார்லஸ்தான். ஆகவே காலவரிசைப் பட்டியலில் 'சுதந்திரம்' என்று ஒரு வரி போட்டால், அந்த வரி எந்த ஆண்டில் நின்றாலும் பிழைதான்.

பிரிட்டிஷ் மாலுமி ஜேம்ஸ் குக் 1770-இல் ஆஸ்திரேலியாவைக் 'கண்டுபிடித்தார்' என்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. டச்சு மாலுமி வில்லெம் யான்சூன் 1606-இலேயே வடகரையில் இறங்கியவர். மக்களோ ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே வாழ்ந்துவந்தார்கள். குக் செய்தது கிழக்குக் கரையை வரைபடமாக்கியதும், அதை மன்னருக்குச் சொந்தம் என்று அறிவித்ததும்.

'கைதிகளின் பிள்ளைகள்' என்ற கேலியும் கணக்குக்கு ஒத்துவராது. 1868 வரை கப்பலேற்றப்பட்ட கைதிகள் மொத்தம் சுமார் 1,60,000 பேர். 1836-இல் தொடங்கிய தெற்கு ஆஸ்திரேலியா கைதிகளைக் கொண்டுவராமலே உருவான காலனி. 1851-இல் தங்கம் கிடைத்த செய்தி பரவியதும் கதை மாறியது: சுமார் 4.3 லட்சமாக இருந்த குடியேறியோர் தொகை இருபதே ஆண்டுகளில் 17 லட்சத்தை எட்டியது.

வெள்ளையரல்லாதோர் குடியேறுவதைத் தடுத்த 'வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை'யைப் பற்றி எழுதும்போது, ஏதோ ஒரு சட்டத்தில் 'ஆசியர்களுக்கு அனுமதியில்லை' என்று அச்சடித்திருந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அவ்வளவு வெளிப்படையாக இருந்திருந்தால் எதிர்ப்பதும் எளிதாக இருந்திருக்கும். 1901-ஆம் ஆண்டின் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது. அதிகாரி ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்கள் வாசிப்பார். வந்தவர் அதைப் பிழையின்றி எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் விருப்பம். 1934-இல் எகான் கிஷ் என்ற பிராக் நகர எழுத்தாளரை உள்ளே விடக் கூடாது என்று அரசு முடிவு செய்தது. பாசிசத்தை எதிர்த்துப் பேச வந்தவர் அவர். மெல்போர்னில் கப்பலிலிருந்து துறைமேடையில் குதித்துக் காலை முறித்துக்கொண்டார். அவருக்குப் பல ஐரோப்பிய மொழிகள் அத்துப்படி. ஆகவே சிட்னியில் அவருக்கு வைத்த தேர்வு ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில்! அது சட்டம் கருதும் ஐரோப்பிய மொழி அல்ல என்று உயர் நீதிமன்றம் (அங்கே நாட்டின் தலைமை நீதிமன்றம் அதுதான்) சொல்லிவிட, அரசு தலைகுனிந்தது. இந்தத் தேர்வு 1958 வரை உயிரோடு இருந்தது. கொள்கையின் மிச்சசொச்சம் 1973-இல்தான் போனது. 'ஒரே கையெழுத்தில் ஒழிக்கப்பட்டது' என்று எழுதாதீர்கள்.

1902-இல் பெண்களுக்கு வாக்குரிமை தந்த முன்னோடி நாடு என்ற வரியும் அரை உண்மை. அதே சட்டம் பூர்வகுடிகளையும் ஆசியர்களையும் பெரும்பாலும் வெளியே நிறுத்தியது. அங்கே வாழ்ந்த இந்தியர்களுக்காக 1922-இல் நேரில் போய் வாதாடியவர், வலங்கைமானில் பிறந்த இந்தியத் தலைவர் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி. பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்து அங்கே குடியிருந்தோருக்குக் கூட்டரசுத் தேர்தலில் வாக்குரிமை 1925-இல் வந்தது.

மிக அதிகமாகத் திரிக்கப்படும் ஆண்டு 1967. அந்த ஆண்டு அரசமைப்பைத் திருத்த நடந்த மக்கள் வாக்கெடுப்பில்தான் பூர்வகுடிகளுக்கு வாக்குரிமை கிடைத்தது என்பார்கள். அதுவரை தாவர, விலங்குச் சட்டத்தின் கீழ் வைத்திருந்தார்கள் என்பார்கள். இரண்டும் தவறு. கூட்டரசுத் தேர்தலில் வாக்குரிமை 1962-இலேயே வந்துவிட்டது. மாநிலங்களில் கடைசியாகக் குயின்ஸ்லாந்து 1965-இல் கொடுத்தது. தாவர விலங்குச் சட்டம் என்ற ஒன்று எப்போதும் இருந்ததில்லை. 1967-இல் 90 சதவீதத்துக்கும் மேலானோர் ஆதரித்து நிறைவேறியவை இரண்டு திருத்தங்கள்: பூர்வகுடிகளுக்காகச் சட்டமியற்றும் அதிகாரம் மத்திய அரசுக்கும் வந்தது, மக்கள்தொகையைக் கணக்கிடும்போது அவர்களைச் சேர்க்கக் கூடாது என்ற 127-ஆம் பிரிவு நீக்கப்பட்டது.

1992-ஆம் ஆண்டின் மாபோ தீர்ப்புக்குப் பிறகு நிலமெல்லாம் திரும்பக் கிடைத்துவிட்டது என்று எண்ணுவதும் அதே வகைத் தவறுதான். வழக்கைத் தொடுத்த எடி மாபோ, தீர்ப்புக்குச் சில மாதங்கள் முன்பே இறந்துபோனார். டோரஸ் நீரிணையின் மெர் தீவு மக்களுக்குப் பாரம்பரிய நில உரிமை உண்டு என்று நீதிமன்றம் ஏற்றது. யாருக்கும் சொந்தமில்லாத மண் என்ற பழைய வாதம் விழுந்தது. ஆனால் தனியாருக்கு முழு உரிமையோடு விற்கப்பட்ட நிலத்தை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. மற்ற நிலத்துக்கும், குடியேற்றத்துக்கு முன்பிருந்து தங்கள் மரபு அறுபடாமல் தொடர்கிறது என்று ஒவ்வொரு சமூகமும் நிரூபிக்க வேண்டும். மர்ரே ஆற்றங்கரையின் யோர்ட்டா யோர்ட்டா மக்கள் 2002-இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றது அந்த நிபந்தனையால்தான்.