மிதந்துபோன காஸ்டர்

இங்கிலாந்தில் கால்வாய் ரோச் மீனுக்கு காஸ்டர் நல்ல இரை. காஸ்டர் என்றால் வேறொன்றுமில்லை, கூட்டுப்புழுவாக மாறிய ஈப்புழுதான். மீனைக் கவர, நான் வீட்டில் தயாரித்ததை நீரில் வீசினால் பாதி மிதந்து காற்றோடு போனது. மீன்களும் அதன் பின்னாலேயே போய்விட்டன. மூன்று வாரக்கடைசி வீண்.

முதலில் தூண்டில் ஊசியைச் சிறிதாக்கினேன், பலனில்லை. பிறகு காஸ்டரைத் திறந்த டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்தேன்; மறுநாளே கருத்துவிட்டது. தண்ணீரில் மூழ்கவைத்துப் பார்த்தேன். இரண்டாம் நாள் மூடியைத் திறந்தால் புளித்த நாற்றம், வீட்டில் திட்டு வேறு.

நிறத்தைக் கவனித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. வெளிர் செம்மஞ்சளில் இருப்பது மூழ்குகிறது, கரும்பழுப்பானால் மிதக்கிறது. காஸ்டரைப் பிரிக்க, புழுக்களை நான் நாளுக்கு ஒருமுறைதான் சலித்தேன், அதற்குள் பாதி கருத்திருந்தது. இப்போது காலை, மதியம், இரவு என்று சலிக்கிறேன். உயிருள்ள புழு சல்லடை வழியே நெளிந்து இறங்கிவிடும், மேலே தங்குவதுதான் காஸ்டர். அதை அலசி, பாலிதீன் பையில் காற்றைப் பிதுக்கிக் கட்டி ஃபிரிட்ஜில் வைக்கிறேன். தினமும் சில நிமிடம் பையைத் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் மூச்சுமுட்டிச் செத்துப் புளித்துவிடும்.

கிளம்பும் முன் வாளித் தண்ணீரில் கொட்டி, மிதப்பதை அள்ளிவிடுவேன். அதையும் எறிவதில்லை. ஊசிக்கு அதுதான் சரி: ஊசியின் எடையைச் சமன்செய்து, வீசிய இரையோடு அதே வேகத்தில் இறங்கும்.