பயிற்சி வினாக்களைக் கொண்டு உடற்கூறியலும் உடலியங்கியலும் படிக்கும் முறை

செவிலியர் படிப்பிலும் இயன்முறை மருத்துவத்திலும் முதலாண்டு மாணவர்களுக்கு இவ்விரு பாடங்களையும் சொல்லிக்கொடுத்து வரும் எனக்கு, ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் ஓர் அனுபவம் நேர்கிறது. தடித்த பாடநூலை மூன்று முறை படித்து, வரிக்கு வரி மஞ்சள் மை பூசி வைத்திருக்கும் ஒரு மாணவியிடம் வெற்றுத்தாளைக் கொடுத்து, மேற்பெருஞ்சிரையில் தொடங்கிப் பெருந்தமனி வரையில் இரத்தம் செல்லும் வழியை எழுதச் சொன்னால், இதயத்தின் கீழறையான வலது வெண்டிரிக்கிளைத் தாண்டியதும் பேனா நின்றுவிடுகிறது. அவருடைய உழைப்பில் குறையே இல்லை. புத்தகம் திறந்திருக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றுவதையும், மூடியபின் நினைவிலிருந்து எடுக்க முடிவதையும் ஒன்றென்று எண்ணியதே அவர் செய்த பிழை.

இந்த வேறுபாட்டை 2006ஆம் ஆண்டில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள், ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில், ஒருமுறை மட்டும் படித்துவிட்டு மூன்று முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் சுமார் 61 விழுக்காட்டை நினைவுகூர்ந்தபோது, நான்கு முறையும் படித்தவர்களால் 40 விழுக்காட்டையே நினைவுகூர முடிந்தது. ஆகவே வினாவைப் படிப்பு முடிந்தபின் நம்மை அளந்து பார்க்கும் கோலாக வைத்துக்கொள்ளாமல், படிக்கும் வழியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு பாடத்தைத் தொடங்கும் முன்பே அதன் பத்து வினாக்களைப் பார்த்து, தெரிந்தவரையில் விடை எழுதுங்கள். பெரும்பாலானவை தவறாகவே போகும். அதற்காக வருந்த வேண்டியதில்லை. பின்னர் பாடத்தைப் படிக்கும்போது, எதைத் தேடிப் படிக்கிறோம் என்பது தெளிவாக இருக்கும்.

பல்தேர்வு வினாவை எடுத்தால் முதலில் நான்கு விருப்பங்களையும் கையால் மறைத்துக்கொண்டு, விடையை நீங்களே எழுதிய பிறகே கையை எடுங்கள். ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். ‘ஹியூமரஸ் (மேற்கை) எலும்பின் நடுத்தண்டு முறிந்த ஒருவரால் மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்க இயலவில்லை, பாதிக்கப்பட்ட நரம்பு எது?’ என்பது வினா. ஆக்சிலரி, ரேடியல், அல்னார், மீடியன் என்பவை விருப்பங்கள். ரேடியல் நரம்பு அந்தத் தண்டின் பின்புறத்துப் பள்ளத்தில் எலும்பை ஒட்டியே செல்வதால் முறிவின்போது சிக்கிக்கொள்கிறது. மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகளை இயக்குவதும் அதுவே. விடையைச் சரியாகக் குறித்தவுடன் அடுத்த வினாவுக்குத் தாவிவிடுவதுதான் வழக்கம். அப்படிச் செய்தால் அந்த வினாவின் முக்கால் பங்கு வீணாகிறது. ஏனென்றால் மற்ற மூன்று விருப்பங்களும் வேறு மூன்று வினாக்களின் சரியான விடைகள். ஹியூமரஸின் கழுத்துப் பகுதி முறிந்து, தோளின் வெளிப்புறம் மரத்துப்போய், கையைப் பக்கவாட்டில் உயர்த்த முடியாமல் போனால் ஆக்சிலரி. முழங்கையின் உட்புற முனையில் அடிபட்டுச் சுண்டுவிரலில் உணர்ச்சி குறைந்தால் அல்னார். மணிக்கட்டுச் சுரங்கத்தில் அழுந்திக் கட்டைவிரலுக்கும் அதையடுத்த விரல்களுக்கும் தொல்லை தந்தால் மீடியன். ஒவ்வொரு தவறான விடைக்கும் ‘வினாவை எப்படி மாற்றினால் இது சரியாகும்?’ என்று ஒரு வரி எழுதுங்கள். பத்து வினாக்களை இவ்வாறு முடிக்க ஒரு மணி நேரம் பிடிக்கலாம். ஆயினும் விரைந்து குறித்துத்தள்ளும் நூறு வினாக்களைக் காட்டிலும் அவை அதிகம் கற்றுத்தரும்.

உடற்கூறியல் வினாவுக்கு உங்கள் உடம்பே கைவசம் உள்ள மாதிரி. முழங்கை சுவரில் இடித்துச் சுண்டுவிரல் வரை சுரீரென்று மின்சாரம் பாய்ந்ததுபோல் உணராதவர் யாருமில்லை. அந்த இடத்தை இப்போது விரலால் தொட்டுப் பாருங்கள். முழங்கையின் உட்புறம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முனைக்குப் பின்னால், தோலுக்குச் சற்றே கீழே அல்னார் நரம்பு ஓடுகிறது. இப்படித் தொட்டறிந்த விடை எளிதில் மறக்காது.

உடலியங்கியலில் ஒற்றைச் சொல் விடை போதாது. காரணத்திலிருந்து விளைவு வரை ஒரு சங்கிலியாக எழுத வேண்டும். ‘படுத்திருந்தவர் சட்டென்று எழுந்து நின்றால் இதயத்துடிப்பு ஏன் கூடுகிறது?’ என்ற வினாவுக்கு ‘இரத்த அழுத்தம் குறைவதால்’ என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். புவியீர்ப்பால் கால்களின் சிரைகளில் இரத்தம் தேங்குகிறது, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது, ஆகவே ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் அளவு குறைகிறது, அழுத்தம் இறங்குகிறது, கழுத்துத் தமனியிலுள்ள அழுத்த உணரிகளின் விரிவு குறைகிறது, மூளைத்தண்டிலுள்ள முகுளத்துக்கு அவை அனுப்பும் தூண்டல்களும் குறைகின்றன, இதயத்தை முடுக்கும் பரிவு நரம்புகளின் செயல் ஓங்கி, அதை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் தடை தளர்ந்து, துடிப்பு கூடுகிறது, குழாய்கள் சுருங்குகின்றன. அழுத்தம் குறைந்தால் உணரிகள் ‘அதிகமாகக் கத்தும்’ என்றே பலரும் எழுதுகிறார்கள். உண்மையில் அவை அமைதியாகின்றன. சங்கிலியை முழுவதும் எழுதாதவருக்கு இந்தப் பிழை தம்மிடம் இருப்பதே தெரியாது. எழுதி முடித்ததும் ஒரு கண்ணியை மாற்றிப் பாருங்கள்: அவர் பீட்டா தடுப்பு மருந்து உட்கொள்பவராக இருந்தால் எந்த இடத்தில் சங்கிலி அறுபடும்?

எண்களையும் தனித்தனியே மனப்பாடம் செய்யாமல் கணக்காகவே போட்டுப் பார்ப்பது நல்லது. சிறுநீரகங்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 125 மில்லிலிட்டர் வடிகட்டுகின்றன என்பதை 60ஆலும் 24ஆலும் பெருக்கினால் நாளொன்றுக்கு 180 லிட்டர் வருகிறது. வெளியேறும் சிறுநீரோ சுமார் ஒன்றரை லிட்டர்தான். மீதி எங்கே போயிற்று என்று நீங்களே கேட்கும்போது, சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டும் அலகான நெஃப்ரானின் அண்மைச் சுருள்குழல் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை மீட்டுக்கொள்கிறது என்ற செய்தி ஒரு தேவைக்கு விடையாக வந்து அமர்கிறது.

தவறிய வினாக்களுக்கென்று தனி நோட்டு ஒன்று வைத்துக்கொண்டு, விடையோடு தவறின் வகையையும் எழுதுங்கள். பாடமே தெரியாமல் போனது ஒன்று. ‘தவிர’, ‘அல்ல’ போன்ற சொற்களைக் கவனிக்காமல் விட்டது இன்னொன்று. ஒன்றை மற்றொன்றாகக் குழப்பிக்கொண்டது மூன்றாவது. தமிழ்வழியில் படித்துவிட்டு வருபவர்களை இந்த மூன்றாவதுதான் மிகவும் வாட்டுகிறது. சிறுகுடலின் கடைப்பகுதிக்கும் இடுப்பெலும்பின் மேற்பகுதிக்கும் தமிழில் எழுதும்போது ‘இலியம்’ என்ற ஒரே சொல்தான் வருகிறது. ஆங்கிலத்தில் (ileum, ilium) ஓர் எழுத்து வேறுபடுகிறது. யூரிட்டர் என்பது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாய். யூரித்ரா என்பது பையிலிருந்து வெளியே செல்லும் வழி. இவற்றை ஒரே பக்கத்தில் எதிரெதிராக எழுதி, பக்கத்தில் சிறு படமும் வரைந்து வையுங்கள்.

அந்த நோட்டிலுள்ள வினாக்களை மறுநாளும், நான்கு நாள் கழித்தும், இரண்டு வாரம் கழித்தும் மீண்டும் எழுதுங்கள். அப்போது இதயம், சிறுநீரகம், நரம்பு எனக் கலந்தே எடுங்கள். ஒரே பாடத்து வினாக்கள் வரிசையாக வந்தால், விடை எந்தப் பாடத்தில் கிடக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன.

வினா வங்கிகளின் பின்பக்கத்து விடைகளை அப்படியே நம்பிவிட வேண்டாம்; அச்சுப்பிழையால் எழுத்து மாறிப்போன விடைகளை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் விடையும் அச்சிட்ட விடையும் முரண்பட்டால் பாடநூலைத் திறந்து, உரிய பத்தியைக் கண்டுபிடித்து, பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு பாடம் ஓரளவு கைவந்தபின் ஐந்து வினாக்களை நீங்களே அமைத்து விடுதித் தோழியிடம் கொடுங்கள். நம்பத்தகுந்த தவறான விருப்பங்களை எழுதுவதுதான் கடினமான வேலை. அதற்கு அண்டை உறுப்புகளும் ஒத்த பெயர்களும் எதிர்மாறான விளைவுகளும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் தவறாகக் குறித்தால் உடனே திருத்திவிடாமல், எந்தக் காரணத்தால் அதைத் தேர்ந்தார் என்று கேட்டு, அந்தக் காரணத்தையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.